சத்தம் போடாத பெட்டி

அம்முலுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக எதைக் கண்டாலும் மற்றக் குழந்தைகள் முதலில் உற்றுப் பார்ப்பார்கள். அம்முலுவோ முதலில் காது கொடுத்துக் கேட்பாள்.

அடிபம்பில் தண்ணீர் அடிக்கும் முன் குழாயில் காதை வைப்பாள். பேருந்து நின்றால் அதன் தகரத்தில் காதை வைப்பாள். சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கொதிக்கும்போது அண்டாவுக்குப் பக்கத்தில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். "காதுல சூடு வெச்சிக்கப் போற, தள்ளி நில்லு!" என்று சமையல்கார அம்மா கரண்டியை ஆட்டுவார்.

இந்தப் பழக்கம் அவள் அப்பா தாண்டவராயனிடமிருந்து வந்தது. உத்திரமேரூருக்கு அருகில், ஏரியை ஒட்டிய இருளர் குடியிருப்பில் அவர்கள் வீடு இருந்தது. நெல் வயலில் எலிகள் பெருகிவிட்டால் விவசாயிகள் தாண்டவராயனைத்தான் தேடி வருவார்கள். வரப்பில் எத்தனையோ வளைகள் இருக்கும். எல்லாவற்றையும் வெட்டினால் வரப்பே போய்விடும். ஆகவே தாண்டவராயன் மண்ணில் படுத்து ஒவ்வொரு வளையிலும் காதை வைப்பார். பிறகு ஒன்றைக் காட்டி, "உள்ள கீது" என்பார். அந்த ஒன்றை மட்டும் வெட்டினால் போதும்.

அப்பாவைப் பார்த்துப் பார்த்து, அம்முலுவின் காதும் கூர்மையாகிவிட்டது.

இது நடந்தது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில். அம்முலு அப்போது ஏழாம் வகுப்பில் படித்தாள். அவள் பள்ளியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. யாரோ ஓர் அலுவலகத்தார் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர் அது. அதன் சுவிட்சைப் போட்டால் முதலில் 'கர்ர்ர்' என்று உறுமும். பிறகு 'தடதட'வென்று நடுங்கும். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும் குழந்தைகள் ஏழெட்டு எவ்வளவு என்று மறந்து போவார்கள்.

குழந்தைகள் அதற்கு 'மாவு மிஷின்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கம்ப்யூட்டர் பாடம் நடத்திய ரமேஷ் சார் இளைஞர், நல்லவர், ஆனால் அவசரக்காரர். மாவு மிஷின் ஓடும்போது அவர் கத்திக் கத்தித்தான் பாடம் நடத்த வேண்டும்.

"இது மவுஸ்!" என்று கத்துவார்.

"இது மவுஸ்!" என்று வகுப்பே திருப்பிக் கத்தும்.

தூரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஏதோ சண்டை நடக்கிறது என்று தோன்றும்.

அந்த வகுப்பு நடக்கும்போதெல்லாம் ஒருவன் மட்டும் வெளியே இருப்பான். அவன் பெயர் தானியேல். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, பள்ளித் தோட்டத்தில் இருந்த வெண்டைச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருப்பான். அவ்வப்போது ஜன்னல் வழியாகக் கம்ப்யூட்டரின் திரையை எட்டிப் பார்ப்பான்.

அவனை வெளியே அனுப்பியவர் ரமேஷ் சார்தான். ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் ஒரு கேள்வி கேட்டார். தானியேல் திரும்பவில்லை. மறுபடியும் கேட்டார். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். சாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கவனிக்காதவனுக்கு இந்த ரூமில் இடமில்லை. வெளியே போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்று!" என்றார்.

வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, தானியேல் எழுந்து போனான். அடுத்த வாரம் சார் கூப்பிடாததால் அவன் வரவில்லை. அவன் வராததால் சாரும் கூப்பிடவில்லை. அப்படியே மாதங்கள் போய்விட்டன.

தானியேலுக்குக் காது சற்று மந்தம். சட்டைப் பையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கருவி வைத்திருப்பான். அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் அவன் காதுக்குப் போகும். அரசு முகாமில் கொடுத்த கருவி அது. அதைப் போட்டுக்கொண்டால் மற்ற வகுப்புகளில் எல்லாம் நன்றாகக் கேட்பான், பதிலும் சொல்வான். கணக்கில் அவன்தான் முதல்.

"அப்புறம் கம்ப்யூட்டர் கிளாஸ்ல மட்டும் ஏன்டா பதில் சொல்லல?" என்று ஒரு நாள் அம்முலு தோட்டத்தில் அவனிடம் கேட்டாள்.

தானியேல் சிறிது யோசித்தான். பிறகு, காதிலிருந்து சிறு குமிழைக் கழற்றி, தன் சட்டையில் துடைத்து அவளிடம் நீட்டினான்.

"நீதான் எல்லாத்தையும் கேட்டுப் பாப்பியே. இத்தையும் கேளு. ஜன்னல்கிட்ட போயி கேளு."

உள்ளே வேறொரு வகுப்புக்குச் சார் பாடம் நடத்த, மாவு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்முலு கருவியை ஜன்னல் அருகே கொண்டுபோய், குமிழைக் காதருகே பிடித்தாள்.

அடுத்த கணம் துள்ளிக் குதித்தாள். அவள் தலைக்குள் ஒரு லாரியே புகுந்துவிட்டது போல இருந்தது! சார் பேசுவது துளியும் கேட்கவில்லை. லாரி மட்டும்தான்.

"யம்மாடி! இன்னாடா இது?"

"அப்டிதான் கீது," என்றான் தானியேல். "இது எல்லாச் சத்தத்தையும் பெருசாக்கிடும். நல்ல சத்தம், கெட்ட சத்தம்னு பாக்காது. அந்த மிஷின் ஓடினா காது வலிக்கும். அதான் இத்த ஆஃப் பண்ணி வெச்சிடுவேன். ஆஃப் பண்ணா சார் பேசறது கேக்காது."

"சார்கிட்ட சொல்லலாம் இல்ல?"

"வேணாம். ஐயோ பாவம்னு பாப்பாங்க. மத்த கிளாஸ்ல யாரும் அப்டிப் பாக்கறது இல்ல. நீயும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

அம்முலு அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். செய்த பிறகுதான் அது எவ்வளவு கடினம் என்று தெரிந்தது. கம்ப்யூட்டர் வகுப்பில் உட்கார்ந்தால் ஜன்னலுக்கு வெளியே அவன் தலை தெரிந்தது. அவளால் மவுஸைப் பிடிக்கவே முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு நல்ல செய்தி வந்தது. அந்தப் பள்ளியில் படித்துப் பெரிய வேலைக்குப் போயிருந்த ஒருவர், புதுக் கம்ப்யூட்டர் வாங்கப் பணம் அனுப்பியிருந்தார். கடையில் உதிரி பாகங்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, அங்கேயே பூட்டி வாங்கினால் செலவு குறையும் என்றார் ரமேஷ் சார்.

"சனிக்கிழமை காஞ்சிபுரம் போகிறேன். இரண்டு பேர் என்னோடு வரலாம். ஒருத்தி ஸ்வேதா. அவள்தான் வகுப்புத் தலைவி. இன்னொருவர் யார்? புதுக் கம்ப்யூட்டர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள், பார்ப்போம்."

"ஸ்பீடா இருக்கணும் சார்!"

"கார் ரேஸ் விளையாடணும் சார்!"

"கலர் கலரா லைட் எரியணும் சார்!" இது ஸ்வேதா.

அம்முலு எழுந்தாள். "சத்தம் போடாத கம்ப்யூட்டர் வேணும் சார்."

வகுப்பு முழுவதும் சிரித்தது. "சத்தம் போடாட்டி அது ஓடுதுன்னு எப்டிடி தெரியும்?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று.

ரமேஷ் சார் சிரிக்கவில்லை. தொண்டையைத் தடவிக்கொண்டார். அன்று காலையில்தான் அவர் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்திருந்தார்.

"நல்ல யோசனைதான். ஆனால், இதில் எது சத்தம் போடுகிறது என்று தெரிந்தால்தானே, சத்தம் போடாததை வாங்க முடியும்? எனக்கே தெரியாது."

"தொறந்து வெச்சா கேட்டுச் சொல்றேன் சார்."

சார் பழைய பெட்டியின் மூடியைக் கழற்றினார். "கை வைக்கக் கூடாது. உள்ளே மின்சாரம் இருக்கிறது," என்றார். அம்முலு தோட்டத்துக்கு ஓடி, ஒரு பப்பாளி இலையின் காம்பை ஒடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே ஓட்டையான நீளக் காம்பு அது. ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டாள். மறுமுனையை எதிலும் படாமல் பெட்டியின் மேல் மெதுவாக நகர்த்தினாள். கண்களை மூடிக்கொண்டாள்.

வகுப்பு வேடிக்கை பார்த்தது.

"பின்னாடி கீற சின்ன ஃபேன் உறுமுது. நடுவுல கீற இன்னொரு குட்டி ஃபேன் 'ஙீ'ன்னு கத்துது. இந்தத் தட்டையா கீற பொட்டி உள்ள 'கொறகொற'ன்னு இன்னாவோ தேய்க்கிற மாரி கீது." கண்ணைத் திறந்தாள். "ஆனா தடதடன்னு ஆடறது இதுங்க எதுவும் இல்ல சார். வெளித் தகரம்தான். அது ரொம்ப மெலிசு. உள்ள இருக்கறது ஒரு பங்கு கத்தினா, தகரம் மூணு பங்கு கத்துது."

சார் தகரத்தின் பக்கவாட்டில் உள்ளங்கையை அழுத்தினார். தடதட சத்தம் சட்டென்று அடங்கியது. கையை எடுத்தார். மறுபடியும் தடதட. அழுத்தினார், எடுத்தார். வகுப்பு கை தட்டியது.

"சனிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு," என்றார் சார்.

காஞ்சிபுரத்தில் அந்தக் கடை ஒரு மாடிமேல் இருந்தது. கடைக்காரர் ஸ்ரீகாந்த் கலகலப்பானவர். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பளபளவென்று பாகங்கள் அடுக்கியிருந்தன. ஸ்வேதா படியேறியதும் ஒன்றைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

அது ஒரு கேபினட். கம்ப்யூட்டரின் பாகங்களை எல்லாம் உள்ளே வைத்துப் பூட்டும் கூடு. பக்கத்தில் கண்ணாடி போன்ற தகடு. உள்ளே நீல விளக்கு எரியும் நான்கு ஃபேன்கள்.

"சார், இதுதான் சார்! ஊருக்கே நம்ம ஸ்கூல் தெரியும்!"

"பாப்பாவுக்கு நல்ல டேஸ்ட்டு," என்று சொல்லி, ஸ்ரீகாந்த் அதன் சுவிட்சைப் போட்டார். நீல ஒளி சுழன்றது. நான்கு ஃபேன்களும் 'ஙொய்ய்ய்' என்று பாட ஆரம்பித்தன.

"எனக்கு இதுதான் புடிச்சிருக்கு சார்," என்றாள் ஸ்வேதா.

"என்னம்மா?" என்றார் சார்.

"இது புடிச்சிருக்கு சார்!"

"என்ன பிடித்து இழுக்கிறது?"

"இ…து… பு…டி…ச்…சி…"

ஸ்வேதா நிறுத்தினாள். சாரைப் பார்த்தாள். ஃபேனைப் பார்த்தாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள். கடைக்காரரைப் பார்த்து, நிறுத்துங்கள் என்று கையைக் காட்டினாள்.

"வேணாம் சார். இது மாவு மிஷினோட தங்கச்சி," என்றாள்.

கடைக்காரர் நான்கைந்து சாதாரண கேபினட்டுகளைக் காட்டினார். அம்முலு ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் விரலால் தட்டிக் காது கொடுத்தாள். சில 'டங்' என்று ஒலித்தன. ஒன்று மட்டும் 'தொப்' என்றது. "இது கனமான இரும்பு. பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, அதனால் யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள்," என்றார் ஸ்ரீகாந்த். தூக்கிப் பார்த்த சார் "அம்மாடி!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அதையே எடுத்து வைத்தார்கள்.

அடுத்தது ஃபேன். கடைக்காரர் ஒரு சிறியதையும் ஒரு பெரியதையும் ஓட விட்டார். சிறியது சுழன்ற வேகத்தில் அதன் இறக்கைகளே தெரியவில்லை. பெரியது நிதானமாகச் சுற்றியது. இரண்டின் முன்னாலும் ஸ்வேதா கையை நீட்டிப் பார்த்தாள். காற்று ஒரே அளவுதான்.

ஏரிக்கரையில் ஒரு வண்டு இருந்ததாம். அது ஒரு நாள் நாரையைப் பார்த்து, "நீ ஒரு முறை சிறகடிப்பதற்குள் நான் எத்தனை முறை அடிக்கிறேன் தெரியுமா?" என்று கேட்டதாம். "தெரியும். நீ வருவது ஊருக்கே தெரியும்," என்று சொல்லிவிட்டு, நாரை அமைதியாக ஏரியைக் கடந்து போயிற்றாம். அந்தக் கடையில் இருந்த ஃபேன்களும் அப்படித்தான். அம்முலு நாரையைத் தேர்ந்தெடுத்தாள். மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியிலும் பெரிய ஃபேன் உள்ளதாகவே பார்த்து வாங்கினார்கள்.

தகவல்களைச் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க் இரண்டு வகையில் இருந்தது. ஒன்றில் உள்ளே சுழலும் தட்டு சின்னச் சின்னக் குண்டுகளின் மேல் ஓடியது. மற்றொன்றில் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து ஓடியது. அம்முலு பப்பாளிக் காம்பை வைத்து இரண்டையும் கேட்டாள். "எண்ணெய் போட்டது தூங்கற பூனை மாரி கீது," என்றாள். கடைக்காரர் வியந்து, தாமும் அந்தக் காம்பை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார்.

"ஆனா பூனை நடுங்குது சார். நடுக்கம் கேபினட்டுக்குப் போனா மறுபடியும் சத்தம் வரும். சைக்கிள் டியூப் இருந்தா வெட்டி அடியில வெக்கலாம்."

ஸ்வேதா சிட்டாகப் பறந்து, கீழே இருந்த பஞ்சர் கடையில் ஒரு கிழிந்த டியூபைக் கேட்டு வாங்கி வந்தாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, பிராசசர் வரும் வரை. கம்ப்யூட்டரின் மூளை அதுதான். ரமேஷ் சார் கடையிலேயே வேகமான பிராசசரைக் கேட்டார்.

"இது ரொம்பச் சூடாகும் சார்," என்றார் ஸ்ரீகாந்த். "சூட்டைத் தணிக்க அந்தக் கத்துகிற குட்டி ஃபேன்தான் போட வேண்டும். கொஞ்சம் வேகம் குறைந்த இந்தப் பிராசசர் அவ்வளவு சூடாகாது. பெரிய அலுமினியத் தகடு ஒன்றும், மெதுவாகச் சுற்றும் ஃபேன் ஒன்றும் போதும்."

சாரின் முகம் வாடியது. "இந்த வட்டாரத்திலேயே வேகமான கம்ப்யூட்டர் நம்முடையது என்று தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டேனே."

"நாம அதுல இன்னா சார் பண்ணப் போறோம்?" என்று அம்முலு கேட்டாள்.

"தமிழ் டைப் செய்வோம். படம் வரைவோம். கணக்குப் போடுவோம்."

"அதுக்கு இது போதுமா அண்ணா?"

"தாராளமாகப் போதும்," என்றார் ஸ்ரீகாந்த்.

சார் யோசித்தார். வேகமான பிராசசரைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார்.

"சத்தம் கொஞ்சம் வந்தால்தான் என்ன அம்முலு? நாம் கத்திப் பேசிப் பழகியவர்கள்தானே?"

அம்முலுவின் நாக்கு நுனிவரை தானியேலின் பெயர் வந்தது. விழுங்கிக்கொண்டாள். "சார், கத்திப் பேச முடியாதவங்களும் கிளாஸ்ல இருப்பாங்க சார். கத்திப் பேசறதைக் கேக்க முடியாதவங்களும் இருப்பாங்க," என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது அவள் கண்ணில் நீர் முட்டியது.

சார் அவளை ஒரு கணம் பார்த்தார். வேகமான பிராசசரைத் திரும்பக் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது, பேருந்தில் ஸ்வேதா மெதுவாகக் கேட்டாள். "யாருக்காகடி இவ்ளோ மெனக்கெடற?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் கீறேன்."

ஸ்வேதா அதற்கு மேல் கேட்கவில்லை. ஜன்னல் வழியே பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை திறப்பு விழா. தலைமை ஆசிரியை கோவிந்தம்மாள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். புதுக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் ஆயிற்று. ஃபேனின் வாயை மூடிக்கொண்டிருந்த மாலையை அம்முலு நைசாகத் தள்ளி வைத்தாள். தேங்காய் உடைந்தது. வகுப்பு முழுவதும் கூடியிருந்தது. தானியேல் வழக்கம்போல் ஜன்னலுக்கு வெளியே நின்றான்.

"போடுங்கள் சார்," என்றார் தலைமை ஆசிரியை.

ரமேஷ் சார் பொத்தானை அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

உறுமல் இல்லை. நடுக்கம் இல்லை. திரையும் கறுப்பாகவே இருந்தது. சார் மறுபடியும் அழுத்தப் போனார், பிளக்கைப் பார்த்தார், ஒயரை ஆட்டிப் பார்த்தார். நெற்றியில் வியர்வை பூத்தது.

"ஓடலையே," என்றது கூட்டம்.

"கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் போலிருக்கிறது," என்றார் தலைமை ஆசிரியை. "பெட்டியைக் கழற்றுங்கள். இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, சத்தம் போட்டாலும் பரவாயில்லை, ஓடுகிற கம்ப்யூட்டராகப் பார்த்து வாங்கி வாருங்கள்."

"எல்லாம் அம்முலுவாலதான்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அம்முலு ஜன்னலைப் பார்த்தாள். அந்தப் பெட்டி திரும்பிப் போனால் இன்னொரு மாவு மிஷின் வரும். தானியேல் வெண்டைச் செடிகளோடுதான் இருக்க வேண்டும். சாரின் கை சுவர் சுவிட்சை அணைக்க நீண்டது.

"இருங்க சார்!"

ஓடிப்போய் மண்டியிட்டாள். கனமான இரும்பில் காதை வைத்துக் கண்களை மூடினாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தூரத்தில், மிக மிகத் தூரத்தில், ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள கீது!" என்று கூவினாள் அம்முலு. "ஓடிக்கினு கீது சார்! நிறுத்தாதீங்க!"

"ஓடினால் திரையில் ஏன் ஒன்றும் வரவில்லை?" என்றார் தலைமை ஆசிரியை.

அப்போது ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், டிவி மாரி கீற பொட்டியில லைட்டே எரியல சார். அதுக்கு ஒரு பட்டன் தனியா கீது."

எல்லோரும் திரும்பினார்கள். தானியேல் கம்பிகளுக்கு இடையே விரலை நீட்டிக் காட்டினான்.

ரமேஷ் சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். பழைய கம்ப்யூட்டரில் மானிட்டருக்குப் பெட்டியிலிருந்தே மின்சாரம் போகும். பெட்டியைப் போட்டால் திரையும் தானே எரியும். புது மானிட்டருக்குப் பிளக்கும் தனி, பொத்தானும் தனி. அதை யாருமே அழுத்தவில்லை! சத்தம் இல்லை என்றதும், ஓடவில்லை என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

"உள்ளே வாடா. நீயே அழுத்து!" என்றார் சார்.

தானியேல் வாசலில் தயங்கினான். பிறகு உள்ளே வந்தான். பொத்தானை அழுத்தினான். திரை மெல்ல மெல்ல வெளுத்து, நீலமாகி, பளிச்சென்று மலர்ந்தது.

கைதட்டல் கூரையைத் தூக்கியது. தலைமை ஆசிரியை பெட்டியின் மேல் தயங்கித் தயங்கிக் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "அட, ஆமாம்!" என்றார். அம்முலுவின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அம்முலுவுக்குத் தன் காது இரண்டும் சிவந்துவிட்டது போலத் தோன்றியது.

ஆரவாரம் அடங்கியது. ரமேஷ் சார் ஒயர்களைச் சரிசெய்ய மேசைக்கு அடியில் புகுந்தார். அங்கிருந்தபடியே, கத்தாமல், சாதாரணக் குரலில் கேட்டார்.

"அந்தப் பச்சை லைட் எரிகிறதா பார்."

"எரியுது சார்," என்றான் தானியேல்.

"திரையில் என்ன தெரிகிறது?"

"கைக்கடியாரம் மாரி ஒண்ணு சுத்துது சார். இப்ப நின்னுடுச்சு."

சார் மேசைக்கு அடியிலிருந்து மெதுவாக வெளியே வந்தார். தலையில் ஒட்டடை ஒட்டியிருந்தது.

"தானியேல், என் முகம் உனக்குத் தெரியவில்லை. நான் கத்தவும் இல்லை. ஆனாலும் பதில் சொன்னாயே. அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?"

தானியேல் அம்முலுவைப் பார்த்தான். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை என்று அவனுக்குப் புரிந்தது. அவனே பையிலிருந்து கருவியை எடுத்துக் காட்டினான்.

"அந்த மிஷின் சத்தம் இதுல லாரி மாரி கேக்கும் சார். காது வலிக்கும். அதான் ஆஃப் பண்ணிட்டேன். நீங்க கூப்பிட்டது எனக்கு விழவே இல்ல சார்."

ரமேஷ் சார் அந்தக் கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தார். பக்கத்தில் கம்ப்யூட்டர் ஓடுவது கூடக் கேட்கவில்லை.

"எல்லோரும் கேளுங்கள்," என்றார் சார். "இவனை நான் எல்லோருக்கும் முன்னால் வெளியே அனுப்பினேன். அதனால் இதையும் எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன். தானியேல் கவனிக்காமல் இல்லை. நான்தான் கவனிக்கவில்லை. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு, தானியேல்."

"பரவால்ல சார்," என்று தானியேல் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதாது. நீ இழந்த பாடங்களை எல்லாம் பள்ளி விட்ட பிறகு உனக்குச் சொல்லித் தருகிறேன்."

அப்போது ஸ்வேதா எழுந்தாள். எந்தத் தேர்விலும் ஒரு மதிப்பெண் கூட விடாதவள் அவள்.

"சார், மாவு மிஷின் சத்தத்துல எங்களுக்கும் ஒண்ணும் புரியல சார். எனக்கு எல்லாமே மறந்து போச்சு. முதல் பாடத்துல இருந்து எல்லாருக்கும் நடத்துங்க சார்."

"எனக்கும் மறந்து போச்சு சார்!" என்றாள் அம்முலு.

"எனக்கும் சார்!" "எனக்கும் சார்!" என்று வகுப்பு முழுவதும் மகிழ்ச்சியோடு மறந்து போயிற்று.

ரமேஷ் சார் தம் நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டருக்கு நேர் முன்னால் போட்டார். தானியேலின் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்தார். மற்றவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு சூழ்ந்து நின்றார்கள். சார் அவன் பக்கத்தில் குனிந்து, ஒரு நண்பனிடம் பேசுவதைப் போல மென்மையான குரலில் தொடங்கினார்:

"இது மவுஸ்."